எந்தக் கண்ணால் பார்த்துக் கண்ணாடி வாங்குவது?

எங்கள் வீட்டு ஹாலில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி நிற்கிறது. மீன் இல்லை. தண்ணீர் இல்லை. உள்ளே டிவி ரிமோட்டும், பழைய செய்தித்தாளும், என் மனைவி எஸ்தரின் பின்னல் ஊசிகளும் கிடக்கின்றன.

போன ஞாயிறு சபையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அந்தத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். கடைசியில் அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார் – இது கிறிஸ்மஸ் குடில் வைக்கிறதுக்கா?

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்ய? உண்மையை ஆரம்பித்தால் அது என் இடது கண்ணில் தொடங்கி, போடி ஏலக்காயில் போய் நிற்கும். உங்களிடம் சொல்வதற்கென்ன, வாராவாரம் நான் உளறுவதைக் கேட்டுப் பழகியவர்கள்தானே!

சில மாதங்களுக்கு முன் எனக்கு இடது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. கட்டைப் பிரித்ததும் முதலில் டாக்டரைப் பார்த்தேன். இரண்டாவதாக வரவேற்பறை மீன்தொட்டியைப் பார்த்தேன். கடல் மீன் தொட்டி. ஊதா, மஞ்சள், ஆரஞ்சு… பாறைமேல் பூ மாதிரி என்னவோ அசைந்துகொண்டிருந்தது. அதற்குப் பெயர் ரீஃப் டேங்க், பவளப்பாறைத் தொட்டி என்றார் நர்ஸ். ஒரு வாரம் முன்பு அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே தொட்டியைப் பார்த்திருக்கிறேன். அப்போது ஏதோ ரசம் ஊற்றி வைத்த மாதிரிதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு அதிர்ச்சி. எஸ்தரின் சாம்பல் நிறச் சேலை நீலமாகிவிட்டது. வருஷக்கணக்காக அதை நான் சாம்பல் என்றுதான் சொல்லிவந்தேன். அவளும் நான் கிண்டல் செய்கிறேன் என்று விட்டுவிட்டாளாம். இடது கண்ணால் பார்த்தால் நீலம், வலது கண்ணால் பார்த்தால் பழையபடி சாம்பல். வலது கண்ணில் இன்னும் புரை இருந்தது. ஆக, ஒரே முகத்தில் இரண்டு ஆள் குடியிருந்த மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை.

நீலத்தைத் திரும்பப் பெற்ற மனுஷன் என்ன செய்வான்? வீட்டில் ஒரு ரீஃப் டேங்க் வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

எஸ்தர் சமையலறையிலிருந்தே கேட்டாள், “தேனியில உக்காந்துக்கிட்டு உப்புத் தண்ணிக்கு எங்கன போவீக?”

உப்புக் கலவை பாக்கெட்டில் வருகிறது, நல்ல தண்ணீரில் கலக்கினால் கடல் தயார் என்று விளக்கினேன். அவள் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு அனுமதி என்று அர்த்தமில்லை. எதிர்ப்பு அப்புறம் வரும் என்று அர்த்தம்.

அடுத்து கண்ணாடி. இங்கேதான் குழப்பம் ஆரம்பம். யூடியூபில் ஒருவர், சாதாரண கண்ணாடியில் இரும்பு கலந்திருக்கும், அதனால் லேசாகப் பச்சை அடிக்கும், லோ அயர்ன் கண்ணாடிதான் போட வேண்டும் என்றார். இன்னொருவர், முன்பக்கத்துக்கு மட்டும் அதைப் போட்டால் போதும் என்றார். மூன்றாமவர், அதில் சீக்கிரம் கீறல் விழும், பாசியைச் சுரண்டும்போது ஜாக்கிரதை என்று பயமுறுத்தினார். நான்காமவர், நீல லைட் போட்டபிறகு எல்லாக் கண்ணாடியும் ஒன்றுதான், போய் வேலையைப் பாருங்கள் என்று முடித்துவிட்டார். நான்கு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. அதுதான் பிரச்சினை.

இரும்பு குறைந்த கண்ணாடி என்று எஸ்தரிடம் சொன்னபோது, உங்கள் ரத்தத்திலும் அதே குறைதான், முதலில் அதற்கு மாத்திரை போடுங்கள் என்றாள்.

தேனியில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமைசாலி. பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு துண்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று சாதாரணம், ஒன்று லோ அயர்ன். இடது கண்ணால் பார்த்தேன். ஒன்று பச்சை, ஒன்று பளிச். வலது கண்ணால் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. மறுபடி இடது. மறுபடி வலது. ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்தி, மறு கையால் மறு கண்ணைப் பொத்தி நான் நின்ற கோலத்தைப் பார்த்து, கண்ணில் தூசியா சார் என்று கேட்டார்.

வெள்ளைத் தாளில் வைத்து ஓரத்தைப் பாருங்கள், அங்கேதான் நிறம் தெரியும் என்று சொல்லிக்கொடுத்தார். பார்த்தேன். புதுக்கண்ணுக்கு ஒன்றின் ஓரம் நல்ல பச்சை, மற்றதன் ஓரம் வெளிறிய நீலம். ஆனால் இதை நம்பலாமா? ஆபரேஷன் செய்த கண்ணுக்குக் கொஞ்ச நாள் எல்லாமே தூக்கலாகத் தெரியும், மூளை பழகிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே… அப்படியானால் பச்சை கண்ணாடியில் இருக்கிறதா, என் கண்ணில் இருக்கிறதா? பழைய கண் பொய் சொல்கிறதா, புதுக்கண் மிகைப்படுத்துகிறதா?

எஸ்தரிடம் கேட்கலாம். ஆனால் எது விலை குறைவோ அதுதான் அழகு என்று சொல்லிவிடுவாள். அதனால் இரண்டு துண்டுகளையும் பேப்பரில் சுற்றிக்கொண்டு போடிக்குப் பஸ் ஏறினேன்.

போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற தனராஜ், எஸ்தரின் அண்ணன். எனக்கு மச்சான். அவர் கண்ணைப் பற்றி எங்கள் குடும்பத்தில் பெருமையாகத்தான் பேசுவார்கள். மூட்டையிலிருந்து ஒரு கை காயை அள்ளி வெள்ளைத் துணியில் போடுவார், ஒரு பார்வை பார்ப்பார், தரத்தைச் சொல்வார். அவர் சொன்னால் வாங்குகிறவரும் ஒப்புக்கொள்வார், விற்கிறவரும் ஒப்புக்கொள்வார். ஏலக்காய்க்குப் பச்சைதான் உயிர். பச்சை மங்கினால் மதிப்பு மங்கும். அந்தப் பச்சையை அளக்கிற கண் மச்சானுடையது. அவருடைய கடைக்கு முதல் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

நான் போன நேரம் மச்சான் கோபமாக இருந்தார். கொஞ்ச காலமாகவே அப்படித்தான் என்று எஸ்தர் சொல்லியிருந்தாள். மலைமேல் இப்போது எவனுக்கும் காயை உலர்த்தத் தெரியவில்லை, எல்லாம் மஞ்சளடித்து வருகிறது என்று பொரிந்தார். மலைமேல் கேரளத்து வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற பேபிச்சேட்டன், மச்சானுக்குப் பல வருஷமாகக் காய் கொடுக்கிறவர், பண்டிகைக்குப் பண்டிகை பலாப்பழம் கொண்டுவந்து இறக்குகிறவர். அவருடைய சரக்கையே ரெண்டாம் தரம் என்று இவர் சொல்லிவிட, அந்த மனுஷன் எழுந்து போய்விட்டாராம். சாம்பிளைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அது மேஜைமேல் கிடந்தது.

நான் கண்ணாடித் துண்டுகளை நீட்டினேன். மச்சான் ஓரத்தையெல்லாம் பார்க்கவில்லை. வெள்ளைத் துணியை விரித்தார். பேபிச்சேட்டனின் காயை இரண்டு குவியலாகப் போட்டார். ஒன்றின்மேல் இந்தக் கண்ணாடி, மற்றதன்மேல் அந்தக் கண்ணாடி. குனிந்து பார்த்தார். அடுத்த நொடி விரல் போய் சாதாரணக் கண்ணாடிமேல் நின்றது.

“இதுதேன் மாப்ள. பாருங்க, இதை வச்சதும் இந்தச் செத்த காய்க்கே உசுரு வந்துருச்சு.”

கடலுக்குக் கண்ணாடி கேட்டால் இவர் ஏலக்காய்க்குக் கண்ணாடி எடுக்கிறாரே என்று சிரிப்பு வந்தது. எது பச்சையாகக் காட்டுகிறதோ அது நல்லது. ஆயுசு முழுக்கப் பச்சையைத் தேடின மனுஷனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

சிரித்துக்கொண்டே, துணியின் ஓரத்தில் கண்ணாடிக்கு வெளியே சிதறிக் கிடந்த காய்களைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

காய்கள் நல்ல பச்சை. கிளிப் பச்சை. கண்ணாடிக் கடைப் பழக்கத்தில் வலது கையால் வலது கண்ணைப் பொத்தியிருந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினேன். அதே காய்கள் மஞ்சளடித்துக் கிடந்தன. மச்சான் சொன்ன அதே மஞ்சள்.

ஆக, என் புரை விழுந்த கண் எதைப் பார்க்கிறதோ, அதைத்தான் மச்சானின் இரண்டு கண்ணும் பார்க்கின்றன!

போடி பஜாரில் உட்கார்ந்துகொண்டு, ஏலக்காய் வியாபாரியிடம், மச்சான் உங்களுக்கு நிறம் தெரியவில்லை என்று சொல்ல முடியுமா? பக்கத்துக் கடைக்காரர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கப் பரவிவிடும். அதுவும் போக, என் புதுக்கண்தான் மிகைப்படுத்துகிறது என்றால்? ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு மச்சானின் பெயரைக் கெடுத்தவன் ஆகிவிடுவேனே! டீ குடித்துவிட்டு, சரி மச்சான் என்று எழுந்து வந்துவிட்டேன்.

தேனிக் கடையில் சாதாரணக் கண்ணாடியிலேயே தொட்டி செய்யச் சொன்னேன். மச்சானிடம் யோசனை கேட்டுவிட்டு மாற்றி வாங்குவது எங்கள் சொந்தத்தில் நடக்காத காரியம். மாற்றினால் ஏன் என்று கேட்பார். காரணத்தை நான் எப்படிச் சொல்வேன்?

தொட்டி வந்து ஹாலில் இறங்கியது. எஸ்தர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

“என்னங்க, தண்ணி ஊத்துறதுக்கு முன்னாலயே பாசி பிடிச்சாப்ல இருக்கு. யார் பாத்து எடுத்தது?”

உங்க அண்ணன் என்றேன். அவள் நம்பவில்லை. முழுக்கதையும் சொன்னேன். பேபிச்சேட்டனின் காயைச் சொன்னபோது அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணனுக்குக் கண்ணு போச்சுன்னா, அப்புறம் அவுககிட்ட என்னங்க இருக்கு?”

அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு அன்றைக்கு மீனும் வேண்டாம், கடலும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

ஆனால் எஸ்தர் அழுதுவிட்டுச் சும்மா இருக்கிறவள் இல்லை. மறுநாளே அண்ணனுக்குப் போன் போட்டாள். என் வலது கண்ணுக்கு ஆபரேஷன், எனக்கு ஒரே பயம், அண்ணன் வந்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்று அடம்பிடிக்கிறேன் – இப்படியெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் மானம் போனால் போகிறது. மச்சான் உடனே கிளம்பி வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எஸ்தர் முன்கூட்டியே பேசிவைத்திருந்தாள். துணைக்கு வந்தவருக்கும் சும்மா ஒரு டெஸ்ட் பார்த்துவிடலாம் என்று நர்ஸ் சொல்ல, மச்சான் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை. இரண்டு கண்ணிலும் புரை. நாள்பட்டது, லேசாக மஞ்சள் படிந்து வருவதால் இவருக்கே தெரிந்திருக்காது என்றாராம் டாக்டர்.

அந்த வரவேற்பறை மீன்தொட்டிக்கு எதிரில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மச்சான் தொட்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

“அப்ப பேபிச்சேட்டன் காய் மஞ்ச இல்லையா மாப்ள?”

இல்லை மச்சான் என்றேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் துண்டு தேவைப்பட்டது.

அதன்பிறகு எனக்கு வலது கண், அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடுகிற காலம் முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல் மச்சான் ஜீப் பிடித்து மலையேறியிருக்கிறார். நேராகப் பேபிச்சேட்டன் வீடு. அங்கே என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. போடியிலிருந்து எஸ்தருக்குப் போனில் வந்த சேதி இவ்வளவுதான் – அண்ணன் வரும்போது ஜீப்பில் ஒரு மூட்டைக் காயும், காலைக்கூட நீட்ட முடியாத அளவுக்குப் பலாப்பழமும் இருந்ததாம்.

நேற்று முன்தினம் அதில் ஒரு பழத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார் மச்சான். பழத்தை இறக்கிவைத்துவிட்டு ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். எஸ்தரின் சேலையைப் பார்த்து, நல்ல நீலம் என்றார். பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். இந்த முறை ஓரத்தைப் பார்த்தார்.

“என்ன மாப்ள இது, ஒரே பச்சையா இருக்கு? யார் எடுத்தது?”

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் எஸ்தரைப் பார்த்தேன்.

“நான்தான் மச்சான். அப்ப எனக்கு ஒரு கண்ணுதானே தெரிஞ்சுச்சு…”

மச்சான் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“ஒத்தக் கண்ணை வச்சுக்கிட்டு இந்த வேலைக்கெல்லாம் போவாகளா? என்னைய ஒரு வார்த்தை கூப்பிட்டுருக்கலாம்ல.”

முன்கண்ணாடியை மட்டுமாவது லோ அயர்னுக்கு மாற்றிவிடலாம், கடைக்கு நானே கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழத்தை வெட்ட உட்கார்ந்தார்.

நிஜமாகவே மறந்துவிட்டாரா? மறந்த மாதிரி இருக்கிறாரா? இப்போது எனக்கு இரண்டு கண்ணும் பிரமாதமாகத் தெரிகிறது. நன்றாக உற்றுப் பார்த்தேன்…

ம்ஹூம். தெரியவில்லை!