அக்காவுக்காக ஒரு கிரிவலம்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாததில் நான் நம்புவது கரண்ட் ஒன்றைத்தான். அதனால் நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன், நானும் சிரித்தவன்தான்.

அக்கா வீட்டுக்காரர், என் மாமாவுக்குக் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள். ஹார்ட் அட்டாக் என்று தூக்கிக்கொண்டு ஓடினோம். எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு டாக்டர் வந்தார்.

"ரத்தக் குழாய்ல அடைப்பே இல்லைங்க. துக்கத்துல இதயத் தசை தளர்ந்து, அடிப்பக்கம் உப்பிப் போயிருக்கு. பெரும்பாலும் தானா சரியாயிடும். ஆனா இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது."

அக்காவுக்குப் பிழைக்கிற எண்ணமே இல்லை. "நான் அவர்கிட்டயே போறேன்டா" என்றாள். கொஞ்சம் கழித்து, "இன்னிக்கு பௌர்ணமி. நானும் அவரும் ஒரு பௌர்ணமியும் விட்டதில்ல. எனக்காக நீ மலையைச் சுத்திட்டு வா" என்றாள். அவளிடம் எப்படி மறுப்பது?

மதிய வெயிலில் செருப்பில்லாமல் கிளம்பினேன். தார் ரோடு சுட்டதால் மரநிழல் பார்த்து வலப்பக்கம், அதாவது மலையை ஒட்டிய ஓரமாக நடந்தேன். அடி அண்ணாமலையில் பூக்கார அம்மா ஒருவர், "இந்தாண்ட வா சாமி, அது கண்ணுக்குத் தெரியாம சித்தருங்க நடக்கற பக்கம்" என்றார். அவர்களுக்கும் கால் சுடுமோ என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

கொஞ்ச தூரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில், நம்பினால் நம்புங்கள், என் வலது தோளில் ஒரு கை பதிந்து இடப்பக்கமாகத் தள்ளியது. காற்றில்லை, கால் தடுக்கவுமில்லை, உள்ளங்கைச் சூடு சட்டையைத் தாண்டித் தெரிந்தது. திரும்பினால் ஆள் இல்லை, மலைதான் அத்தனை பெரிதாக நின்றது. பயமே வரவில்லை, ஏனோ கண்ணீர் கொட்டியது. என்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்புறம் ஊர் வந்து சேரும்வரை இடது ஓரத்தை விட்டு விலகவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனால் அக்கா உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள்.

"அவரு என்னை வர வேணாம்னுட்டாருடா" என்றாள், அவ்வளவுதான்.

சில வாரங்களில் இதயம் பழையபடி ஆகிவிட்டது. இந்த நோயில் அது வழக்கம்தான் என்றார் டாக்டர். ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது பௌர்ணமிக்குப் பௌர்ணமி அக்காவோடு நானும் போகிறேன். வழியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவள் நின்று, மலைப் பக்கம் பார்த்து வீட்டு விஷயமெல்லாம் மெல்லிய குரலில் சொல்கிறாள். நடுநடுவே நிறுத்தி, பதில் வருவதுபோலக் காதுகொடுத்துக் கேட்கிறாள். அது அந்தப் புளியமரத்தடி. அங்கே நடந்ததை நான் இதுவரை அவளிடம் சொன்னதே இல்லை.