மட்டையின் கீழ்ப்பாதி

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மா அரிவாள்மணையை ஒதுக்கிவிட்டுக் கத்தி கேட்டாள். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்றாள். பிழைக்க வந்த வேற்றுமொழி ஊரான போபோடியில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. அப்பா பட்டறையில் வேலை பார்த்தார். தேய்ந்த ரம்ப பிளேடு ஒன்றைக் கொண்டுவந்து கத்தியாகத் தீட்டினார். கைப்பிடிக்கு விறகுக் கடையில் புளியங்கட்டை வாங்கினார். புளி வெடிக்காது, தண்ணீரில் ஊறாது என்றார்.

இரண்டாம் நாளே அம்மா, "கனமா இருக்குங்க" என்றாள். அப்பா அதைக் கழற்றிவிட்டு வேம்பில் பிடி போட்டார். அதுவும் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது.

பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "எங்கண்ணன் பொண்டாட்டிக்குக் காத்துலதான் பிடி போடணும் போல" என்றாள். அம்மாவும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அதன்பின் கண்ணில் பட்ட மரத்தையெல்லாம் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். பழப் பெட்டிப் பலகையைக்கூட விடவில்லை.

என்னிடம் ஒரு கிரிக்கெட் மட்டை இருந்தது. அந்த ஊர் மொழி பேசத் தெரியாத என்னைச் சந்துப் பையன்கள் ஆட்டத்தில் சேர்த்ததே அதற்காகத்தான். ஒருநாள் பள்ளிவிட்டு வந்தால், மட்டையின் கீழ்ப்பாதியைக் காணோம். அம்மாவின் கத்தியில் வெளுத்த, தடித்த புதுப் பிடி. நான் ஒட்டிய ஸ்டிக்கரின் சிவப்பு அதில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"இவ்வளவு லேசா வேற மரம் கிடைக்கலை பாப்பா" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

"இது தண்ணியில ஊறிப்போகும்பா."

"ஊறும்தான். கொஞ்ச நாளைக்குத் தாங்கினா போதும்."

அழுதுகொண்டே மிச்ச மட்டையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில், பழைய துணி மூட்டைக்குள் ஒளித்தேன். பிடி ஊறினால் அடுத்ததற்கும் அதைத்தானே வெட்டுவார். தினமும் அம்மா அருகில் போய், பிடி ஊறிவிட்டதா என்று பார்ப்பேன். உதவிக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து, அவள் எனக்கு ஒரு பிஞ்சு வெண்டைக்காயை நீட்டுவாள். ஒரு காயை நறுக்க அவளுக்கு வெகு நேரம் ஆனது.

சந்தில் கணபதிப் பந்தல் போடும்போது அம்மா கத்தியையும் விட்டுவிட்டாள். அத்தை தன் அரிவாள்மணையோடு வந்து சமைத்தாள். தீபாவளிக்கு அம்மா இல்லை.

கத்தி அலமாரியிலேயே கிடந்தது. பிடி ஊறவே இல்லை. மிச்ச மட்டையை அப்பா தேடவும் இல்லை. அவ்வளவு நன்றாக ஒளித்திருக்கிறேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.