மூன்று ஜோடி டுவீட்டர்

ஓசை மிகுந்த தொழிற்சாலையில் வேலை செய்பவரின் காதை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். சோதனையின் முடிவை அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கேட்கும் திறன் குறைந்திருந்தால் அவரைக் காக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். விதியின் சாரம் இவ்வளவுதான். முப்பத்தைந்து வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடத் தெளிவாக ஒரு விதியை எழுதிவிட முடியாது. என் மச்சான் விஷயத்தில் இந்த விதி ஒரு வருடம்கூட மீறப்படவில்லை. வருடா வருடம் சோதித்தார்கள், வருடா வருடம் 'இயல்பு நிலை' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள்களை அவர் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார். அவருக்குக் காது போய்க்கொண்டிருந்ததைக் கடைசியில் கண்டுபிடித்தவரோ, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஸ்பீக்கர் விற்கும் ஒரு பாய்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியிலேயே இரண்டு மாடி கீழே குடியிருந்தார். கடல்மேல் போகும் பாலத்தைத் தாண்டி, அக்கரையில் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து ஒரே அடியில் வெட்டித் தள்ளும் பெரிய இயந்திரம் அவருடையது. நிமிடத்துக்கு எத்தனை அடி என்று ஒருமுறை கேட்டேன். "எண்ண முடியாது மாப்ளே, எண்ணுறதுக்குள்ள அடுத்தது விழுந்துரும்" என்றார். போக ஒரு மணி, வர ஒரு மணி, நெரிசல் நாட்களில் அதற்கும் மேலே. அந்த இரண்டு மணி நேரம்தான் அவருக்கு ஒரு நாளில் சொந்தமானது. ஆலையில் இயந்திரம் பேசும், வீட்டில் அவர் மனைவியின், அதாவது நான் அக்கா என்று கூப்பிடுபவரின், நாடகத் தொடர் பேசும். பாலத்தின் மேல் பதினெட்டு வயதான அந்தக் காருக்குள் மட்டும் அவர் கேட்க விரும்பியது கேட்டது. பழைய பாட்டுகள்தான். அதிலும் வயலினும் புல்லாங்குழலும் வரும் இடங்களுக்காகவே கேட்பவர்.

அவருடைய முறையீடு தொடங்கியது இப்படித்தான்: "இந்த ரேடியோவுல பாட்டு முன்ன மாதிரி இல்ல மாப்ளே. வாத்தியத்தையெல்லாம் கம்பளிக்குள்ள வச்சு வாசிக்கிற மாதிரி இருக்கு." ரேடியோவுக்கும் பதினெட்டு வயது. எவருக்கும் அதன் மேல்தான் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. வீட்டில் அவர் தொலைக்காட்சியை அலற வைப்பதையும், சாப்பாட்டு மேசையில் அக்கா மூன்று முறை கூப்பிட்ட பிறகு "என்ன?" என்பதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கல்யாணமாகி முப்பது வருடமான எந்த ஆணும் அப்படித்தான் என்று ஒரு நகைச்சுவை சொல்லிவிட்டு, தட்டில் இருந்ததைத் தின்றேன்.

புது ஒலி அமைப்புக்கு அக்கா முந்நூறு வெள்ளிக்கு அனுமதி கொடுத்தார். "அதுக்கு மேல ஒரு காசு போச்சுன்னா நீங்க காடியிலேயே படுத்துக்கலாம்" என்பது நிபந்தனை. காடி என்றால் எங்கள் ஊரில் கார். கார் கடையில் அந்தத் தொகைக்கு ஒரு தேநீரும் நல்ல விசாரிப்பும் கிடைக்கும். ஆகவே எல்லாவற்றையும் பழையதாக வாங்கித் தாமே மாட்டுவது என்று மச்சான் முடிவு செய்தார். முதலில் எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்று நான் இரண்டு பக்கத்துக்கு ஒரு திட்டம் தட்டச்சு செய்து கொடுத்தேன். கழற்றிய திருகாணிகள் உருண்டு போகாமல் இருக்க அதை விரித்துப் போட்டுக்கொண்டார். என் அறிக்கைகளில் நேரடிப் பயன் தந்தது அது ஒன்றுதான்.

ஞாயிறு காலைகளில் கீழே கார் நிறுத்துமிடத்தில் வேலை நடக்கும். கதவின் உள்பலகையைத் தேய்ந்துபோன வெண்ணெய்க் கத்தியால் நெம்பிக் கழற்றுவார். கதவுத் தகடு அதிராமல் இருக்க உள்ளே ஒட்டும் பட்டைகள் விலை அதிகம் என்று, தகரக் கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார்ப் பட்டையை வாங்கி ஒட்டினார். வெயில் ஏறினால் காருக்குள் புதுச் சாலை போட்ட வாசனை அடிக்கும். ரேடியோ, உடைந்த கார்கள் கிடக்கும் பட்டறையிலிருந்து வந்தது. சின்ன ஆம்பிளிஃபையர் ஒன்று முன் இருக்கைக்கு அடியில் போனது. ஒரே ஒரு பொருளில் மட்டும் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை. பேட்டரியிலிருந்து வரும் இணைப்புக்கு நல்ல கனமான கம்பியும் புது ஃபியூஸும் வாங்கினார். "பாட்டு இல்லாம வீடு வந்து சேரலாம். நெருப்பு புடிச்சா பாலத்துல எங்க எறங்குறது?" என்றார்.

பெரிய ஸ்பீக்கர்கள் நன்றாக வேலை செய்தன. சிக்கல் டுவீட்டரில் வந்தது. மெல்லிய, கூர்மையான ஒலிகளை மட்டும் தருகிற கட்டைவிரல் அகல ஸ்பீக்கர் அது. வயலினும் புல்லாங்குழலும் அதில்தான் பாதி உயிர் வாழ்கின்றன. சந்தையில் பாயிடம் ஒரு ஜோடி வாங்கி மாட்டினார். சத்தமே வரவில்லை என்று அடுத்த வாரம் கொண்டுபோய் மாற்றினார். இரண்டாவது ஜோடியும் ஊமை. பழைய சாமான் என்றால் அப்படித்தான் என்றேன் நான். மூன்றாவதையும் அவர் கழற்றியபோது, நியாயம் கேட்க என்னையும் அழைத்துப் போனார். எழுத்துமூலமாகப் புகார் கொடுக்கும் ஆள் கூட இருந்தால் பாய் பயப்படுவார் என்று நினைத்திருக்க வேண்டும்.

பாய் பயப்படவில்லை. "மூனாவது தடவை அண்ணே! இது நல்ல சாமான் லா" என்று சொல்லிக்கொண்டே, சோதிப்பதற்கென்று வைத்திருந்த பேட்டரிப் பெட்டியில் அந்த டுவீட்டரை மட்டும் இணைத்து ஒரு பாட்டைப் போட்டார். சுவர்க்கோழி கத்துவதுபோல மெல்லியதாக, துல்லியமாக அது பாடியது. மச்சான் அதை எடுத்துக் காதோடு ஒட்டிவைத்தார். இன்னொரு காதில் வைத்தார்.

"ஒன்னுமில்ல. செத்துப் போச்சு, நீயே பாரு."

பாய் சிரித்தார். "என்னண்ணே காலையிலேயே தமாஷ் பண்றீங்க? தள்ளுவண்டியில ரோஜாக் விக்கிறவன் அங்கேருந்து திரும்பிப் பாக்குறான்!"

"யாரைப் பாத்துச் சிரிக்கிற? ஊமைச் சாமானைத் தலையில கட்டிட்டுச் சிரிப்பு வேறயா?" என்று மச்சான் குரலை உயர்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, நீ படிச்சவன். நீ சொல்லு. இதுல சத்தம் வருதா?"

அலுவலகத்தில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிப் பழகியவன் நான். அங்கே அது செல்லவில்லை.

"வருது மச்சான்."

பாயின் சிரிப்பு நின்றுவிட்டது. பேட்டரிப் பெட்டியை மெதுவாக அணைத்தார். டுவீட்டர்களை ஒரு பையில் போட்டு, "வச்சுக்குங்க அண்ணே, ஒன்னும் அவசரமில்ல" என்றார். நியாயம் கேட்கப் போனவர்கள் பையோடு திரும்பினோம்.

காரில் ஏறிய பிறகு மச்சான் சாவியைத் திருப்பவில்லை. ஆலையின் காதுச் சோதனை பற்றிச் சொன்னார். சிறு அறைக்குள் உட்கார வைத்துக் காதில் கருவியை மாட்டுவார்கள். ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதிக்கும் பெண் உட்கார்ந்திருப்பாள். "அவ தோள் லேசா அசையும் மாப்ளே. அசைஞ்சா சத்தம் அனுப்புறான்னு அர்த்தம். உடனே அமுக்கிருவோம்." அமுக்கிருவோம் என்றார். அவரோடு அதே இயந்திர வரிசையில் வேலை செய்த இன்னும் நால்வருக்கும் இந்த வித்தை தெரியும். காது குறைந்ததென்று தெரிந்தால் பேக்கிங் பகுதிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே ஓ.டி. கிடையாது. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுக் கடன் கட்ட முடியாது. "ரிடையர் ஆக இன்னும் மூனு வருசம்தான். ஓட்டிருவேன். யார்கிட்டயும் சொல்லாத மாப்ளே."

"சரி" என்றேன்.

ஒன்பது நாள் அந்தச் 'சரி'யோடு இருந்தேன். பத்தாம் நாள் ஆலை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே கைவேலை அதுதான். மூன்று வருடத்தில் அந்த இயந்திரம் மிச்சமிருப்பதையும் தின்றுவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, அவ்வளவு முட்டாளல்ல என்று நினைத்துக்கொண்டேன். விதியை மேற்கோள் காட்டி, மச்சானுக்கு மறுசோதனை கேட்டேன். அது பிழையில்லாமல் நடக்க வேண்டுமே என்ற அக்கறையில், 'சோதிப்பவரின் அசைவுகள் தொழிலாளியின் பார்வையில் படாதவாறு' என்று ஒரு வரியைச் சேர்த்தேன். நகல்கள் யார் யாருக்கு என்று கீழே வரிசையாகப் போட்டேன். என் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறந்த கடிதங்களில் அது ஒன்று.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நடவடிக்கை வந்தது. நிர்வாகத்தில் இருந்தவர்கள் அந்த ஒரு வரியை இரண்டு முறை படித்திருக்க வேண்டும். கண்ணாடியில் அட்டையை ஒட்டிவிட்டு, அந்த வரிசையில் இருந்த எல்லோரையும் மறுபடி சோதித்தார்கள். மச்சானும் அந்த நால்வரும் ஒரே வாரத்தில் பேக்கிங்குக்குப் போனார்கள். ஐந்து வீட்டிலும் ஓ.டி. நின்றது. ஆலை உணவறையில் மச்சானின் மேசையில் யாரும் உட்காருவதில்லை என்று என் மனைவி மூலம் தெரிந்தது. காட்டிக் கொடுத்தவன் என்று அவருக்குப் பெயர். காட்டிக் கொடுத்தது அவரில்லை.

அது தெரிந்த அன்று மாலை மாடி ஏறி வந்த மச்சான், எங்கள் கதவுக்கு வெளியிலேயே நின்றார். "சரின்னு சொன்னியே மாப்ளே" என்றார். அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார்.

இப்போது கைபேசியிலேயே காதைச் சோதித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கண்ணாடியும் இல்லை, அந்தப் பக்கம் யாரும் இல்லை, ஏமாற்றினால் தன்னைத்தான் ஏமாற்ற வேண்டும். அந்தக் கடிதத்தின் நகல் இன்றும் என்னிடம் இருக்கிறது. அவ்வப்போது எடுத்துப் படிக்கிறேன். அதில் பிழை இல்லை. காது மருத்துவர் பிற்பாடு சொன்னதும் அதைத்தான்: இன்னும் இரண்டு வருடம் அங்கேயே நின்றிருந்தால் கருவி வைத்தும் பயனில்லாமல் போயிருக்கும். நால்வரில் ஒருவருக்கு நிலைமை இதைவிட மோசம். ஆக, கடிதம் சரி. அது யாருடைய காது, யாருடைய சம்பளம், யாரைக் கேட்டு எழுதினேன் என்ற பத்தி மட்டும் அதில் இல்லை. விதிகளை நன்றாகத் தெரிந்தவனுக்கு வரும் நோய் இது. தன் கையில் இருப்பது சரியான விதி என்பதாலேயே, கொடுத்த வாக்கு ரத்தாகிவிட்டதாக நினைத்துக்கொள்வான். அவரை உட்கார வைத்து ஒரு வாரம் சண்டை போட்டிருக்கலாம். அக்காவை அழைத்திருக்கலாம். அந்த நால்வரை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கலாம். இதெல்லாம் தபால்தலை ஒட்டுவதைவிடக் கடினம்.

இரண்டாவதாக ஒரு கடிதம் எழுதினேன், மச்சானுக்கு. ஒரே பக்கம். விதி எண் இல்லை, நகல் இல்லை. செய்தது தப்பு என்றும், கேட்காமல் செய்ததுதான் தப்பு என்றும் எழுதி, அவர் வீட்டுக் கதவிடுக்கில் போட்டுவிட்டு வந்தேன். "அண்ணன் படிச்சிட்டாரு. மடிச்சுப் பையில வச்சாரு. ஒன்னும் சொல்லல" என்றாள் என் மனைவி. பதினான்கு நாளில் பதில் இல்லையென்றால் நினைவூட்டல் அனுப்புவது முறை. அனுப்பவில்லை. வாழ்க்கையில் நான் நினைவூட்டாமல் விட்ட கடிதம் அது ஒன்றுதான். நடைபாதையில் நின்று பார்த்தால் கீழே அவருடைய கார் தெரியும். ஒரு கதவுக்கு உள்பலகை இல்லை, கம்பிகளைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். அப்படியே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். எட்டு மாதம்.

ஒரு காலை கதவு தட்டப்பட்டது. காதுக்குப் பின்னால் புதிதாக ஒரு சின்னக் கருவியுடன் மச்சான் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் செருப்பு அலமாரியைப் பார்த்துப் பேசினார்.

"சும்மாத்தானே இருக்க? கீழ வா. எனக்குக் கேக்குறது பாதிதான். மீதிய நீ கேட்டுச் சொல்லு."

மூன்றாவது ஜோடி டுவீட்டரைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் பொருத்தியிருந்தார். கதவுப் பலகை இடத்துக்கு வந்திருந்தது. பாட்டைப் போட்டுவிட்டு ஆம்பிளிஃபையரில் இருந்த சின்னத் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். அதிகம் என்றேன், குறைத்தார். வயலின் வலப்பக்கமாகவே வருகிறது என்றேன், இடப்பக்கத்தை ஏற்றினார். "நல்லா இருக்குன்னு சும்மா சொல்லாத. இல்லன்னா இல்லன்னு சொல்லு" என்று இரண்டு முறை மிரட்டினார். ஒரு மணி நேரம் அப்படியே போனது. நடுவில், கேட்காமலே சொன்னார்: "அந்த நாலு பேர்ல ரெண்டு பேரு பேசுறாங்க. இன்னும் ரெண்டு பேரு பேசல. பேச மாட்டானுங்க. விடு."

கடைசியில் புல்லாங்குழல் தனியாகப் பிரிந்து, முன்கண்ணாடியின் நடுவில் யாரோ உட்கார்ந்து ஊதுவதுபோல வந்தது. சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"எனக்கு அவ்வளவு இல்ல. பரவால்ல." பாட்டை நிறுத்தாமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "நேத்து பஸ் ஸ்டாப்புல காய்கறிப் பையோட நின்னியே, பாத்தேன். நாளைக்கு பசாருக்கு எட்டு மணிக்குப் போறேன். லேட்டாக்காம எறங்கி வந்துரு."

மேலே போய் அந்த இரண்டாவது கடிதத்தின் நகலை எடுத்தேன். நகல் இல்லை என்று முன்னால் எழுதியது சரியல்ல, எனக்கென்று ஒன்று வைத்திருந்தேன். அதன் ஓரத்தில் பழைய வழக்கப்படி பென்சிலால் குறித்தேன்: பதில் கிடைத்தது, தைப்பூசத்துக்கு முந்திய சனிக்கிழமை, காலை.