முற்றத்தில் தொங்கிய எஞ்சின்

கிளச் மாற்றுகிற வேலையில் கிளச்சைத் தொடுகிற நேரம் கொஞ்சம்தான். அது இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேருவதுதான் வேலை. வீட்டு முற்றத்தில் ஒரு வண்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்ட வழி தெரியாமல் அதன் பக்கத்தில் குந்தியிருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்களும் வாசிக்கலாம், பாவமில்லை.

வகுப்பு மாறி வந்தவள்

உள்நாட்டுச் சண்டை முடிந்த புதிதில் புத்தளத்தில் இளம் பெண்களுக்கு இலவசத் தொழிற்பயிற்சி கொடுத்தார்கள். தையலுக்கும் கேக் ஐசிங்குக்கும் பெரிய வரிசை. நான் மோட்டார் திருத்தும் வகுப்புக்குப் போய் முன் வாங்கில் உட்கார்ந்தேன். வீட்டில் எல்லாரும் தைப்பார்கள், ஆனால் நானாவின், அதாவது அண்ணனின், மோட்டார் சைக்கிள் நின்றால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. வேறு காரணம் எனக்கு இருக்கவில்லை.

படிப்பிக்க வந்தவர் நல்ல மனுசன். என்னைக் கண்டதும் சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, தையல் வகுப்பு மேல் மாடியில."

விற்கச் சொன்ன கார்

வகுப்பு முடிந்து, தில்லையடியில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே ஸ்கூட்டி திருத்தத் தொடங்கினேன். டீச்சர்மார், நேர்ஸ்மார் என்று பெண்கள்தான் வருவார்கள். ஒரு நாள் தேங்காய் லொறி ஒன்றில் கயிறு கட்டி ஏற்றிய சிவப்புக் கார் வந்து இறங்கியது. இரண்டே கதவு, கூரை துணியில், உட்கார்ந்தால் நிலம் கையில் தட்டும். இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். கூடவே வந்தவர் சிரியானி மிஸ், சிலாபத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இருபத்தைந்து வயதிலிருந்து அவர் ஓட்டுகிற கார் அது. கிளச் வழுக்கி ஏற்றத்தில் ஏறாமல் நின்றுவிட்டது.

எங்கள் ஊர் மெயின் றோட்டுப் பெரிய கராஜ்காரர், இதற்கு இனிமேல் வேலை செய்யேலாது, வித்துப் போடுங்கள் என்றாராம். வெளிநாட்டில் இருக்கிற மகனும் கொழும்பில் வாங்க ஆள் பிடித்துவிட்டார். மாத முடிவில் கார் ஓடாவிட்டால் வாங்குகிறவர் வந்து ஏற்றிக்கொண்டு போவார். நான் ஸ்கூட்டி மட்டும்தான் திருத்துகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். மிஸ் என்னைத் துவ என்றுதான் கூப்பிடுவார். சிங்களத்தில் மகள் என்று அர்த்தம். "துவ, ஏலாது எண்டு சொல்ல எனக்கு நிறைய ஆம்பிளைகள் இருக்கு. நீங்க வேற ஏதாவது சொல்லுங்க."

முக்காலி

அந்தக் காரில் கிளச் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் இருக்கிறது. எஞ்சினைத் தூக்கி வெளியே எடுத்தால்தான் கை போகும். முழு இரும்பு. கற்பிட்டியில் படகு எஞ்சின் இறக்குகிறவர்கள் தென்னங்குற்றிகளை முக்காலியாக நட்டு, உச்சியில் சங்கிலிக் கப்பி தொங்கவிடுவதைப் பார்த்திருந்தேன். அவர்களிடமே கப்பியை இரவல் வாங்கி வந்தேன்.

எஞ்சின் அந்தரத்தில் ஏறின நேரம் வேலிக்கு மேலால் எத்தனை தலை என்று நான் எண்ணவில்லை. நானா வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் கோபக்காரர் இல்லை, பயந்தவர். மன்னாரை விட்டு வந்து இத்தனை வருசமாகியும் இந்த ஊருக்கு நாங்கள் அகதிகள்தான், ஆட்கள் கதைக்கிற மாதிரி எதுவும் செய்யாதே என்றார். இந்தக் கார் வேலை பிழையாய்ப் போனால் முற்றத்தில் ஸ்கூட்டி வேலையும் இல்லை என்று முடித்தார். "கதைக்கிற வாய்க்கு நான் கிளச் போட ஏலாது நானா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பின்னாலேயே டோர்ச்சை எடுத்துக்கொண்டு வந்தது பரீனா மதினி, நானாவின் மனைவி. அன்றிலிருந்து அவதான் என் பங்காளி. தொங்குகிற எஞ்சினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு மதினி கேட்டா: "இவ்வளவு பாரத்தையுமா இந்த ஆம்பிளைகள் கெட்டித்தனம் எண்டு சொல்லித் திரியிறாங்க?"

சிலாபத்தில்

கிளச் தட்டு தேய்ந்து ஆணித்தலை தெரிந்தது. புதுசு நாட்டிலேயே கிடைக்கவில்லை. பழைய தட்டில் புது லைனிங் வைத்து ஆணி அறைகிறவர் ஒருவர் சிலாபத்தில் இருந்தார். தட்டைப் பையில் போட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். லைனிங் எவ்வளவு தடிப்பம் என்று கேட்க வேண்டும், வீட்டுக்காரரை அனுப்புங்கள் என்றார். வீட்டுக்காரர் இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லி, தடிப்பத்தை நானே சொன்னேன்.

அறைந்து முடித்து நீட்டும்போது, பூட்டப் போவது யார் என்று கேட்டார். நான் என்றேன். நீட்டின தட்டைத் திரும்ப இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு ஆணியையும் மறுபடி தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆம்பிளையெண்டா பிழையாப் போனாலும் வெக்கத்தில திரும்பி வரமாட்டான், நீங்க வந்து கேப்பீங்க."

கடைசி ஒரு அங்குலம்

இதைச் செய்தவர்கள் இந்தத் தலைப்பைப் பார்த்ததுமே பெருமூச்சு விடுவார்கள். தட்டை நடு மையமாக வைத்துப் பூட்ட வேண்டும். அதற்கான கருவி இல்லாமல், விளக்குமாற்றுக் கட்டையில் டேப் சுற்றி அளவாக்கிக்கொண்டேன். நானும் மதினியும் எஞ்சினை இறக்கினோம். வழுக்கிக்கொண்டு போய், கியர்பெட்டியோடு சேர ஒரு அங்குலம் இருக்க நின்றுவிட்டது. தள்ளினோம், ஆட்டினோம், ஜாக்கியை ஏற்றினோம், இறக்கினோம். மதினியின் முழங்கையில் தோல் போனது. நான் காருக்குக் கீழே படுத்தபடி அழுதேன்; எண்ணெய் முகத்தில் வழிந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.

நானா பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு வந்தார். கராஜ் ஆட்களைக் கூப்பிடுகிறேன், இனிப் போதும் என்று போனை எடுத்தார். வேண்டாம், சங்கிலியை மட்டும் பிடியுங்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்தாரோ, மதினியின் முழங்கையைப் பார்த்தாரோ, போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பிடித்தார். காரைக் கியரில் போட்டுவிட்டு, எஞ்சினின் முன்பக்கச் சில்லின் நட்டில் ஸ்பானரை வைத்து, ஒரு மயிரிழை திருப்பினேன். தட்டின் பல்லும் கியர்பெட்டித் தண்டின் பல்லும் சந்தித்தன. 'டக்' என்று எஞ்சின் போய் உட்கார்ந்தது.

மதினிதான் முதலில் வாய் திறந்தா, நானாவைப் பார்த்து: "இப்ப கூப்பிடுங்க, வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."

மெயின் றோட்டில்

மாதம் முடிய முன்னமே மிஸ் பஸ்ஸில் வந்தார். செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் கிளச்சை மிதித்து, கண்ணை மூடிக்கொண்டு விட்டார். பிறகு போனை எடுத்து, கார் விற்பதற்கில்லை என்று மகனிடம் இரண்டு வசனத்தில் சொல்லி வைத்தார். ஏறு என்றார் என்னை. கூரையைத் திறந்துவிட்டு மெயின் றோட்டில் விட்டோம். ஸ்கார்ப் பறக்காமல் பிடிக்கவே எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

அந்தப் பெரிய கராஜுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, திரும்ப ஏற்றி, ஒரு முனகலும் இல்லாமல் கடந்தார். முதலாளி கதிரையை விட்டு எழும்பி வாசலுக்கு வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பை அடக்க. மிஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, சிக்னல் போட்டுக் காரைத் திருப்பினார்: "இன்னொரு தரம் போவம் துவ, அவர் சரியாப் பாக்கல்ல."

ஊர் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அடுத்த கார் வந்து இறங்கும்போது நான் ஸ்கூட்டி மட்டும்தான் திருத்துகிறேன் என்று சொல்லப் போவதில்லை.