மஞ்சள் பைக்குள் என் விரல்கள்

எனக்கு எழுதத் தெரியும் என்று சொல்வதே அதிகம். ஐந்தாவது வரைக்கும் போனேன், அதோடு சரி. எழுத்து கோணலாக வரும். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன், சிலது மறந்தே போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேத்தி நோட்டும் பேனாவும் வாங்கிவந்து வைத்துவிட்டு, எழுதி முடிக்கிற வரைக்கும் விடமாட்டேன் என்று நிற்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

அவள் போனில் செஸ் ஆடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம், இவள் ஏன் ஒவ்வொரு தடவையும் பின் வரிசையை ஒரே மாதிரி நிற்க வைக்கிறாள் என்று. கேட்கக் கூச்சமாக இருந்தது. போன மாதம் ஒரு நாள் பார்த்தால் ராஜா மூலைக்குப் பக்கத்தில் நிற்கிறார், குதிரைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இப்போதுதான் சரியாக வைத்திருக்கிறாய் என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "இது கலைச்சு வெக்கிற ஆட்டம் ஆயா. எது எங்க நிக்கும்னு முன்கூட்டியே தெரியாது. எப்படி வந்தாலும் ஆடித்தான் ஆவணும்."

நாங்கள் ஆடியது அதுதான். எனக்கு வேறு ஆட்டம் தெரியாது.

எங்கள் ஊர் இண்டூருக்குப் பக்கம். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் இருந்தார்கள். பெரியப்பாவுக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேரும் ஏர் பிடிக்கிற வயதுக்கு வந்துவிட்டார்கள். அப்பாவுக்கு நாங்கள் மூன்று பெண்கள், நான்தான் மூத்தவள். அப்பாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. பனிக்காலம் வந்தால் பாதி நாள் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடிதான் இருப்பார்.

பெரியப்பா கல்யாணத்துக்கு முன்னால் பொம்மிடி ஸ்டேஷனில் மூட்டை தூக்கினவர். அங்கே இருந்த ஒரு கிளார்க் மாற்றலாகிப் போகும்போது ஒரு மரப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாராம். உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள். பெட்டி பல வருஷம் பரணில் கிடந்தது. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, மழைக்காலத்தில் பெரியப்பா காலில் மண்வெட்டி பட்டுவிட்டது. இரண்டு மாதம் எழுந்து நடக்கக் கூடாது. அப்போதுதான் அந்தப் பெட்டியைக் கேட்டார். பையன்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். புண்ணில் ஈ உட்காராமல் விசிறுகிற வேலை எனக்கு. அதனால் எதிரே உட்கார்ந்து ஆடுகிற வேலையும் எனக்கே வந்தது.

கட்டம் போட்ட பலகை இல்லை. சாக்குப் பையில் கரியால் கட்டம் போட்டார். எந்தக் காய் எப்படி நகரும் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. கிளார்க்குகள் ஆடுவதை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். சிப்பாய்கள் முன்னால் நிற்கும், அதுவும் தெரியும். பின் வரிசையில் யார் எங்கே நிற்பார்கள் என்பது மட்டும் மறந்துபோய்விட்டது. ஆட்டம் பாதியில் இருக்கும்போதுதான் போய்ப் பார்ப்பாராம், ஆரம்பத்தைப் பார்த்ததே இல்லையாம்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நெலம் பிரிக்க என்னா பண்றோம்? சீட்டு எடுக்கறோம். இதுங்களுக்கும் சீட்டுதான்" என்றார்.

அப்படியே செய்தோம். எட்டுக் காயையும் மஞ்சள் பையில் போட்டுக் குலுக்குவது. ஒவ்வொன்றாக எடுத்து இடமிருந்து வலமாக வைப்பது. அவர் வரிசையை அவர் எடுப்பார், என் வரிசையை நான் எடுப்பேன். இரண்டும் ஒரே மாதிரி வராது. ஒருவருக்கு நல்ல வரிசை, ஒருவருக்கு மட்டமான வரிசை. குதிரை மூலையில் விழுந்தால் அது நொண்டி மாதிரி, வெளியே வரவே நாளாகும். மந்திரி மூலையில் விழுந்தால் நல்லது, குறுக்கே இருக்கிற சிப்பாயைத் தள்ளிவிட்டால் எதிர் மூலை வரைக்கும் பார்ப்பார். ராணி நடுவில் வர வேண்டும். கை விட்டதும் அகப்படுவதை எடுத்துவிட வேண்டும், தடவிப் பார்க்கக் கூடாது என்று சட்டம்.

நான் தடவினேன். ஒரு வாரத்திலேயே விரலுக்குப் பழகிவிட்டது. குதிரைக்குக் காது இருக்கும், யானைக்குத் தலை தட்டை, மந்திரிக்கு ஒரு வெட்டு. பெரியப்பா சாக்கைச் சரிசெய்கிற மாதிரி கீழே குனிந்துகொண்டிருப்பார். எனக்கு நல்ல வரிசையாகவே வந்துகொண்டிருந்தது. அவருக்கு மாற்றி மாற்றிக் குதிரைகள் மூலையில் விழுந்தன. "ஒன் விரலு ராசியான விரலு பாப்பா" என்பார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

அப்படி எடுத்தும் நான்தான் அதிகம் தோற்றேன். ராஜாவுக்கு ஆபத்து வரக்கூடாது என்று அவரை மூலையில் வைத்து, ஒரு கட்டம் விட்டு யானை, முன்னால் சிப்பாய்கள் என்று கோட்டை மாதிரி கட்டிவைப்பேன். பெரியப்பா தன் ராணியைக் கொண்டுவந்து என் ராஜாவுக்கும் யானைக்கும் நடுவில் வைப்பார். ராணியைவிடப் பெரிய காய் ஏது? அவர் முகத்தைப் பார்ப்பேன். "எடுத்துக்க" என்பார். யானையால் எடுத்துவிடுவேன். "எடுத்துட்டியா, செரி" என்று சொல்லிக்கொண்டே குதிரையைத் தூக்கி வைப்பார். என் ராஜாவுக்கு நகர இடமில்லாமல் சொந்த ஆட்களே சுற்றி அடைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆட்டம் முடிந்துவிடும். ஒரே மாதிரி நாலைந்து தடவை ஏமாந்தேன். ராணியைக் கண்டால் எடுக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த வருஷம் தை கழிந்து பாகம் பிரிந்தது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பால் விஷயத்தில் ஆரம்பித்தது, விஷயம் சின்னதுதான், அடுப்பு இரண்டாகிவிட்டது. நிலம் இரண்டு துண்டு. ஒன்று கிணற்றுக் கொல்லை, கோடையிலும் தண்ணீர் இருக்கும். இன்னொன்று கரட்டுக் கொல்லை, கல்லும் முள்ளும், மழை வந்தால் கேழ்வரகு, வராவிட்டால் ஒன்றுமில்லை. இரண்டையும் குறுக்கே வெட்டிப் பாதி பாதி எடுக்கலாம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். பெரியம்மாவின் அண்ணன் தம்பிகள் ஒத்துக்கொள்ளவில்லை. கிணற்றில் இரண்டு பேர் கை வைத்தால் தினமும் சண்டை, சீட்டுப் போட்டு யாருக்கு எது வருகிறதோ அது என்றார்கள்.

பெரியப்பா ஒரு நாள் அப்பாவிடம், கிணற்றுக் கொல்லையை நீயே வைத்துக்கொள் என்று சொன்னதை நான் கேட்டேன். அப்பா கோபித்துக்கொண்டார். "எனக்குப் பிச்சை போடறீங்களாண்ணா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

அம்மா எங்களிடம் ஒளிக்கவில்லை. கரட்டுக் கொல்லை வந்தால் எல்லோரும் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போக வேண்டியதுதான் என்றாள். அங்கே குளிரும் மழையும் எப்படி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குளிரில் அப்பா ஒரு வருஷம் தாங்கமாட்டார் என்று சித்தியிடம் சொல்லி அழுததையும் கேட்டேன்.

எங்கள் பக்கம் நிலச் சீட்டுக் காகிதத்தில் எழுதுவதில்லை. தண்ணீர் உள்ள நிலத்துக்கு ஒரு சிட்டிகை நெல், வானம் பார்த்த நிலத்துக்கு ஒரு சிட்டிகை கேழ்வரகு. இரண்டையும் தனித்தனியாகப் பழைய வேட்டித் துணியில் நாலைந்து சுற்றுச் சுற்றி, ஒரே அளவு முடிப்பாகக் கட்டி, மண் கலயத்தில் போடுவார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தை கையை விட்டு எடுக்கும். முதலில் எடுத்தது இளையவருக்கு. நாலு வயதுக்கு மேல் உள்ள குழந்தையைக் கூப்பிட மாட்டார்கள்.

அன்றைக்கு எடுப்பதற்குப் பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்லி வைத்திருந்தார்கள். களத்தில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தாகிவிட்டது. பெரியப்பா நொண்டிக்கொண்டே அந்த வீட்டுக்குப் போய்வந்து, பையனுக்கு ஜுரம், எடுக்க வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்றார். பிறகு சுற்றும் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டினார்.

பெரியம்மா விடவில்லை. "அதுக்கு எல்லா வெவரமும் தெரியும். பத்து வயசு ஆவப்போவுது."

"அதுக்கு என்னா தெரியும்? சாக்கு மேல யானையும் குதிரையும் வெச்சி வெளையாடற கழுத அது" என்றார் பெரியப்பா. பெரியவர்கள் சிரித்தார்கள். இழப்பு வந்தால் அவருக்குத்தானே வரப்போகிறது, அவரே சொல்லும்போது நமக்கென்ன என்று ஒருவர் சொன்னார்.

கலயத்துக்குள் கை விட்டேன். ஒரு முடிப்பை நெருடினேன், கேழ்வரகு கடுகு மாதிரி உருண்டது. இன்னொன்றில் துணிக்குள்ளே முனை குத்தியது. அத்தனை சுற்றுச் சுற்றியிருந்தும் என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. தலையணையில் சாய்ந்திருக்கும் அப்பாவை நினைத்துக்கொண்டு குத்தியதை எடுத்தேன்.

முடிப்பை அவிழ்த்தார்கள். நெல். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். பெரியப்பா என்னைப் பார்த்து, "எடுத்துட்டியா, செரி" என்றார். இனிமேல் குதிரை வரும், நான் மாட்டிக்கொள்வேன் என்று அன்று முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

அப்பா அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். கிணற்றுக் கொல்லையில் தக்காளி, மஞ்சள், கடலை என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் திருப்ப ஆள் வேண்டும் என்று என்னைத்தான் ஐந்தாவதோடு நிறுத்தினார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெரியப்பா வருஷா வருஷம் பையன்களோடு குடகுக்குப் போய், மாசி வாக்கில் திரும்பி வருவார். வந்ததும் எங்கள் வாசலில் நின்று, "வா பாப்பா, வரிசை எடுக்கலாம்" என்று கூப்பிடுவார். எனக்கு வேலை இருக்கிறது என்று உள்ளேயே இருந்துவிடுவேன். அவர் நிலத்தைத் திருடிவிட்டு அவர் எதிரில் போய் எப்படி உட்காருவது? மூன்று வருஷம் கூப்பிட்டார். அதற்கப்புறம் கூப்பிடவில்லை. நான் கல்யாணமாகிப் பாப்பாரப்பட்டிக்கு வந்த பிறகு, குடகிலிருந்து ஜுரத்தோடு திரும்பி வந்து காலமானார். எழவுக்குப் போய்ப் பெண்களோடு பின்னால் நின்றுவிட்டு வந்தேன்.

இதை அறுபது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம்தான் பேத்தியிடம் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, ஜவுளிக் கடை மஞ்சள் பை ஒன்றை எடுத்து, அதில் நாலு எலுமிச்சம்பழமும் இரண்டு உருளைக்கிழங்கும் போட்டு என் கையில் கொடுத்தாள். அன்றைக்குச் செய்த மாதிரியே கையை விட்டுத் தடவச் சொன்னாள். தடவினேன்.

"கீழ பாரு ஆயா" என்றாள்.

பார்த்தேன். பைத் துணிக்குள் என் விரல்கள் ஒவ்வொன்றும் புரளுவது, எலி ஓடுகிற மாதிரி வெளியே தெரிந்தது.

"எதிர்ல குந்தியிருந்தவருக்குக் கண்ணு இல்லையா?" என்றாள்.

பைக்குள் கை போய்விட்டால் யாருக்கும் தெரியாது என்றுதான் அந்த இரண்டு மாதமும் நினைத்திருந்தேன். பிறகு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சீட்டு எடுத்த அன்று சாயங்காலமே அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் தெருவில் டயர் உருட்டிக்கொண்டு ஓடினான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஜுரம் விட்டுவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பாவின் சின்ன மகன் இப்போதும் பொம்மிடியில் இருக்கிறார். வயதாகிவிட்டது, ஆனால் நினைவு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். யாராவது அந்தப் பக்கம் போனால் அவரிடம் படித்துக்காட்டிச் சரிபார்க்க வேண்டும். சீட்டு எடுத்தது தை கழிந்தா, மாசியிலா. பெரியப்பாவுக்குக் காலில் பட்டது மண்வெட்டியா, கொடுவாளா. அந்தப் பையனுக்கு உண்மையிலேயே ஜுரமா. அப்படியே இதையும் கேட்டுச் சொன்னால் நல்லது. கூப்பிட்டும் நான் ஏன் ஆட வரவில்லை என்று பெரியப்பா வீட்டில் எப்போதாவது கேட்டாரா?