மரத்தில் இருந்த மிளகுப் பை

கடைசி வருஷ மாணவர்களின் ஷோவுக்கு முந்தின நாள் காலை. கல்லூரி ஹாலில் எல்லா மேசைக்கும் பொருள் வந்துவிட்டது. கவிதாவின் மேசையில் பெயர் அட்டை மட்டும் இருந்தது. நான் அப்போது ப்ராடக்ட் டிசைன் பிரிவில் ஒர்க்‌ஷாப் இன்சார்ஜ். ஃபைனல் மாடல் மேசைக்கு வராவிட்டால் மார்க் கிடையாது, மறுபடி ஒரு வருஷம் படிக்க வேண்டும்.

"பை எங்கம்மா?"

"ஊட்டுக்குக் கொண்டு போயி அம்மாகிட்டக் காட்டுனேன் சார். மறந்து அங்கயே வெச்சுட்டு வந்துட்டேன். போன் எடுக்க மாட்டேங்கறாங்க."

கவிதா கொல்லிமலை, தேவனூர் நாட்டுப் பெண். அவள் செய்தது மிளகு பறிக்கிற பை. ஏணியில் நின்றபடியே அதைக் கயிற்றில் இறக்கி, இன்னொரு கயிற்றை இழுத்தால் அடி திறந்து மிளகு கொட்டும். ஆள் இறங்கி ஏற வேண்டாம்.

எனக்குத் தலைக்கு மேல் வேலை. ஆனாலும் அழுத முகத்தோடு அவளைத் தனியே அனுப்ப மனசு வரவில்லை. திட்டிக்கொண்டே நானும் பஸ் ஏறினேன். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி மலை ஏறும்வரை திட்டு ஓயவில்லை, பாவம்.

அவள் அம்மா பதறவேயில்லை. "பை சின்னசாமி அண்ணன்கிட்ட இருக்குதுங்க. நேத்து அவுங்க காட்டுப் பறிப்புக்குக் கொண்டு போனேன். நல்லாருக்குதுன்னு வாங்கி வெச்சுக்கிட்டாரு."

அங்கே ஒரு வீட்டுப் பறிப்புக்கு மற்ற வீட்டார் கூலியில்லாமல் போவார்கள். பிறகு அந்த வீட்டார் வந்து இவர்களுக்கு உழைப்பார்கள். ஆளோடு ஏணியும் படுதாவும் காடு மாறும். பையும் மாறிவிட்டது.

"ஷோவுக்கு வெச்சிருந்த பொருளுங்க அது," என்றேன்.

"வேலைக்குன்னு தெச்ச பைதானுங்களே?"

அவரையும் கூட்டிக்கொண்டு சின்னசாமி காட்டுக்கு நடந்தோம்.

சின்னசாமி மிளகுக் கொடி படர்ந்த மரத்தின் உச்சியில், ஏணி மேல் இருந்தார். கவிதா கீழே நின்று கூப்பிட்டாள். "மாமா, அந்தப் பை வேணும். நாளைக்கு எனக்குப் பரீச்ச."

"இந்தக் கொடி முடிஞ்சிரட்டும் கண்ணு."

நான் சத்தம் போட வாயெடுத்தேன். அதற்குள் பை இறங்கி, மிளகைக் கொட்டிவிட்டு மேலே போனது. கவிதா என் கையைப் பிடித்தாள்.

"சார், அவரு கயித்தத் தேடவே இல்ல. கை தானாப் போவுது. முடிக்கட்டுங்க சார்."

அழுகை போன இடம் தெரியவில்லை. அவளும் அம்மாவும் நானுமாக மரத்தடிப் படுதாவில் மிளகுச் சரம் பொறுக்கினோம். பையைக் கொடுக்கும்போது சின்னசாமி, "ஷோ முடிஞ்சதும் கொண்டாந்துரு சாமி. கீழக்காடு பாக்கி இருக்குது," என்றார்.

மறுநாள் பை கறையோடுதான் மேசையில் இருந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். எங்கள் கல்லூரியில் அந்த வருஷத்தின் சிறந்த பொருளை வாசல் கண்ணாடி அலமாரியில் நிரந்தரமாக வைப்பது வழக்கம். மாணவர்கள் ஏங்கிக் கிடக்கிற இடம் அது.

"இதை அங்க வெச்சுரலாம்," என்றார்.

"வேண்டாங்க சார்," என்றாள் கவிதா. "நாளைக்கு இது மாமா பறிப்புக்குப் போவோணும்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த அலமாரியை நிரப்பியதே நான்தான். உள்ளே போன எதையும் யாரும் திருப்பிக் கேட்டு வந்ததில்லை. அதற்குப் பிறகு எந்த மாணவர் மாடல் கொண்டுவந்தாலும், ஃபினிஷ் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுவேன்: "இது ரெண்டு நாள் காணாமப் போனா, யாரு தேடுவாங்க?"