மாறி மாட்டிய இரண்டு வயர்

எங்கள் தாய்மாமா டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறவர். எந்த வண்டி நின்றாலும் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிடுவார். தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த வெள்ளைக்காரன் காலத்துக் காரை வாங்கி ஓட வைத்ததும் அவர்தான். தினம் ஒரு தடவையாவது அதைச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அக்காவுக்கு மட்டக்களப்பு கெம்பஸில் படிக்க இடம் கிடைத்திருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கெம்பஸ் போகும் முதல் ஆள். மறுநாள் காலையில் அங்கே பதியாவிட்டால் இடம் போய்விடும். ஹட்டனில் அன்று காலை எட்டு மணிக்குப் புறப்படும் மட்டக்களப்பு பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அன்றைக்கென்று பார்த்து ஹட்டன் போகும் பொகவந்தலாவை பஸ் வரவில்லை. மாமாவின் காரில் புறப்பட்டோம்.

சமதரையில் ஒழுங்காக ஓடிய கார், முதல் ஏற்றத்தில் இருமி இருமி நின்றது. அப்பாவும் அக்காவும் இறங்கித் தள்ளியும் பலனில்லை. மாமா பொனட்டைத் திறந்தார். போன வாரம்தான், பிளக்குக்கு நெருப்புப் பொறி கொடுக்கிற கொயிலைப் புதிதாக மாட்டியிருந்தார். கொயிலில் பிளஸ், மைனஸ் அடையாளம் இருந்தது. தன் த்ரீவீலில் இருக்கிற மாதிரியே சாவியிலிருந்து வரும் வயரைப் பிளஸ்ஸில் மாட்டியிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பெட்டரிப் பாடம் பள்ளிக்கூடத்தில் முடிந்த புதுசு, வாய் சும்மா இருக்குமா?

"மாமா, மத்த வண்டியில மைனஸ்தானே பாடியில மாட்டியிருக்கும்? இதுல பிளஸ்ஸ பாடியில மாட்டியிருக்கு. அப்ப கொயில்லயும் மாத்தித்தானே மாட்டணும்?"

"இருவது வருஷமா வண்டி பாக்குறேன். நீ சொல்ல வந்துட்டியா?"

அக்கா மணியைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "ஒருக்கா மாத்தித்தான் பாருங்களேன் மாமா."

முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இரண்டு வயரையும் மாற்றினார். பொறிக்குப் பலம் வந்துவிட்டது. நாலு பேரையும் டிரங்குப் பெட்டியையும் சுமந்துகொண்டு கார் அந்த ஏற்றத்தில் ஒரு இருமல்கூட இல்லாமல் ஏறியது. உச்சிக்கு வந்த பிறகு மாமா, "நானும் அதைத்தான் நெனைச்சேன்" என்றார். அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பெருமை.

ஹட்டனில் பஸ் புறப்பட இரண்டு நிமிடம் இருந்தது. ஏறி உட்கார்ந்த அக்கா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பஸ் கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். அதன் பிறகு அவள் லீவுக்கு மட்டுமே வந்தாள், விருந்தாளி மாதிரி. இன்றைக்கு வேலையும் குடும்பமும் அங்கேதான். அப்போது எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? திரும்பிப் போகும்போது முன்சீட்டு எனக்குத்தான் என்ற அவசரத்தில், கையை உருவிக்கொண்டு காரை நோக்கி ஓடினேன்.